நாலாவது காயில்

"நாலாவது காயில் செத்துப்போச்சுங் அம்மணி. அறுத்துப் போடறதுக்கு முன்னால ஒருக்கா பாத்துருங்."

குப்பண்ணன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பெருந்துறைப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் இருபது வருஷமாக பாய்லர் அவர் கையில்.

நூல் காயப்போடும் அறையில் நீராவி ஓடும் சுருள்குழாய்கள், அதாவது காயில்கள், நான்கு. மூன்றைத் தொட்டால் தோல் உரியும். கடைசியின் மேல் பூனை படுத்துத் தூங்கியது.

துளசிமணி நாலாவது காயிலின் ஓரத்தில் கை வைத்துப் பார்த்தாள். அவரைவிடப் பத்து வயது சின்னவள். அக்கம்பக்கத்துப் பட்டறைகளில் ஆவிக் குழாய் மக்கர் பண்ணினால் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

"ஆவியை எவ்வளவு ஏத்தியும் இதுல சூடு ஏறலீங். காயில்லதான் கோளாறுன்னு மொதலாளிகிட்ட அடிச்சுச் சொல்லிட்டேன். மாத்தியும் சூடு வரலைன்னா பாய்லர் பக்கமே வராதேன்னுட்டாரு."

கேஸ் கட்டரோடு வந்திருந்த காதர் மூலையில் குத்தவைத்தபடியே கேட்டான்:

"பொணத்துக்கு நாடி பாக்கறீங்களாக்கும்? நேரமாகுதுங்."

துளசிமணி முதல் காயிலுக்கு ஆவி போகும் வால்வை மூடினாள். இரண்டாவதை மூடினாள். மூன்றாவதையும்.

"ஐயோ, நல்லா இருக்கறதை ஏனுங் மூடறீங்?"

"உக்காருங்ணா."

உட்கார்ந்தார்.

வெகுநேரம் ஒன்றுமில்லை.

பிறகு, தரையோரம் இருந்த ட்ராப் ஒருமுறை இருமியது. தண்ணீரை வெளியே விட்டு ஆவியை உள்ளேயே நிறுத்தும் இரும்புக் குடுக்கை அது. மறுபடி இருமியது. வடிகாலில் தண்ணீர் கொட்டியது. கொட்டிக்கொண்டே இருந்தது.

பூனை விழித்தது. ஒரு காலைத் தூக்கியது. இன்னொரு காலைத் தூக்கியது. குதித்து ஓடிப்போனது.

குப்பண்ணன் காயிலின் மேல் உள்ளங்கையை வைத்தார். குழாய்க்குள் சூடு நடந்து வந்துகொண்டிருந்தது.



"நான் ஒண்ணுமே சேக்கலையே! எங்கிருந்துங் வந்துச்சு?"

"ஆவி என்னங்ணா பண்ணுது?"

"சூட்டைக் குடுக்குது."

"குடுத்துட்டு?"

"தண்ணியாயிருது."

"தண்ணியாகி?"

குப்பண்ணன் தரையோரம் இருந்த ட்ராப்பைப் பார்த்தார்.

அவள் முதல் வால்வைத் திறந்தாள். இரண்டாவதை, மூன்றாவதை. கொஞ்ச நேரத்தில் நாலாவதின் வால்பக்கம் களக்களக்கென்று தண்ணீர் தேங்கும் சத்தம். அவர் உள்ளங்கைக்குக் கீழே சூடு மெல்லப் பின்வாங்கியது.

அவர் மண்டிபோட்டுக் குனிந்தார். நான்கு காயில்களின் தண்ணீரும் கீழே ஒரே குழாயில் சேர்ந்து ஒரே ட்ராப்புக்குப் போனது. மூன்று பலசாலிகள் முட்டித் தள்ளும் வாசலில், தூரத்திலிருந்து தளர்ந்து வரும் நாலாவதின் தண்ணீருக்கு வழி ஏது?

அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

துளசிமணி நாலு வால்வையும் மூடினாள். காதர் எழுந்து கட்டரைப் பற்றவைத்தான்.

"எங்கங்ணா வெட்டறது?"

குப்பண்ணன் சாக்பீஸை எடுத்து, நான்கும் சேரும் இடத்தில் கோடு போட்டார். "இனி ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி ட்ராப்பு."

"அது புதுக் குழாயாச்சே! மொதலாளி கேட்டா?"

"அதைப் போட்ட நானே வெட்டச் சொன்னேன்னு சொல்லு."