எச்சில் பட்ட முடிச்சு

ஆறு வற்றாத அல்லி நாட்டை முன்னொரு காலத்தில் மாறவேள் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். தூண்டில் போடுவதில் அவருக்குக் கொள்ளை ஆசை. மீன்களுக்குத்தான் அவர்மேல் ஆசையில்லை. பெரிய மீன் மாட்டினால் போதும், தூண்டில் கயிற்றையும் முள் கட்டிய மெல்லிய நரம்பையும் சேர்க்கும் முடிச்சு பட்டென்று அறுந்துவிடும். அன்று முழுக்க ராஜா எல்லோரையும் கடித்துக் குதறுவார்.

ஒருநாள் வெள்ளத்தாயி என்ற மீனவப் பெண் அந்த முடிச்சைப் போட்டுக் கொடுத்தாள். இரண்டு முழக் கெளுத்தி துள்ளியும் முடிச்சு அசையவில்லை. மீனின் முள் கிழித்து ராஜாவின் சால்வை போயிற்று. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை, அத்தனை குஷி.

அவளுக்குப் பரிசு கிடைத்துவிடுமே என்று அரண்மனை அதிகாரி அகோரருக்கு வயிறு எரிந்தது. ராஜா அதே சால்வையோடு வந்து உட்கார்ந்த சபையில் எழுந்து, "மகாராஜா! அவள் முடிச்சை வாயில் வைத்து எச்சில் பண்ணினாள். என் கண்ணால் பார்த்தேன்!" என்றார்.

ராஜா கையை உதறினார். "நான் பிடித்த கயிற்றில் எச்சிலா? அவள் விரல்களை வெட்டுங்கள்!"

பரிசு வாங்க சபைக்கு வந்திருந்த வெள்ளத்தாயிக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. விரல் போனால் வலை ஏது, உலை ஏது?

மந்திரி நல்லாதனார் நிதானமாக எழுந்தார். "நியாயம்தான் மகாராஜா. ஆனால் கிழிந்த சால்வையோடு தண்டனை சொல்வது அழகில்லையே. அகோரரே, ராஜாவின் சால்வையைக் கண்டவர் தொடலாமா? நீங்களே இரண்டு தையல் போடுங்கள்."

அகோரருக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. ஊசியும் பட்டுநூலும் வந்தன. நூல்முனை பிரிந்து நின்றது. ஒருமுறை கோர்த்துப் பார்த்தார், நுழையவில்லை. இன்னொருமுறையும் இல்லை. சபையே பார்க்கிறதே என்ற பதற்றத்தில் நூலை நாக்கில் வைத்து நனைத்து, முறுக்கி, கோர்த்துவிட்டார்.

"ஐயையோ! ராஜாவின் சால்வைக்கு எச்சில் நூலா?" என்று மந்திரி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"நனைக்காமல் எப்படி ஐயா நூல் கோர்ப்பது?" என்று கத்தினார் அகோரர்.

"அதையேதான் சாமி நானும் சொல்றேன்!" வெள்ளத்தாயிக்குக் குரல் வந்துவிட்டது. "காய்ஞ்ச நரம்பை இறுக்கினா உரசிச் சூடாகி அறுந்துபோவும். நனைச்சா வழுக்கிட்டுப் போய் இறுகும். ரெண்டு கையும் நரம்புல மாட்டியிருக்கு, தண்ணி மொள்ள எந்தக் கையால போவேன்?"

ராஜா சிரித்த சிரிப்பில் கோபம் போன இடம் தெரியவில்லை. தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். "அகோரரே, இனி தினமும் ஆற்றங்கரையில் இவள் பக்கத்தில் தண்ணீர்க் கிண்டியோடு நில்லும். கேட்கும்போது ஊற்றும்."

பிறகு அவள் பக்கம் திரும்பினார். "தாயே, நாளைக் காலையில் வந்துவிடு. பத்து விரலையும் மறக்காமல் கொண்டுவா."

வெள்ளத்தாயி அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அப்பாடா என்று வந்த அழுகை அது. அழுதுகொண்டே விரல்களை ஒருமுறை எண்ணியும் பார்த்துக்கொண்டாள்.