எட்டாத குரல்

குளக்கரை மருதமரத்தில் கருமூஞ்சி என்ற குரங்கு இருந்தது. பாறைக்கு அப்பால், புல்வெளியில் நின்ற வேங்கைமரத்தில் செம்பட்டை என்ற குரங்கு இருந்தது. கீழே மேயும் மான்களுக்கு இவை இரண்டும்தான் காவல். ஆபத்தில்லை என்றால் நிதானமாகக் கூவும். சிறுத்தையைக் கண்டால் கரகரவென்று கத்தும்.

மான்கள் பாறையைத் தாண்டும்போது செம்பட்டை கூப்பிடும். அவை குளம்பைத் தட்டிப் பதில் சொல்லும். அதன்பிறகு அதன் குரலுக்குத்தான் காது கொடுக்கும். நடந்துகொண்டே காவல் மாறிவிடும். ஒரு வாய்ப் புல்கூட இடையில் தவறாது.

தவிட்டி என்ற பெண்மான் மட்டும் மாறவில்லை. முன்பொருமுறை கருமூஞ்சி கத்தியதால்தான் அது சிறுத்தையிடமிருந்து தப்பியது. புல்வெளிக்குப் போனபிறகும், காற்றில் தேய்ந்து வரும் கருமூஞ்சியின் கூவலையே தேடிக் கேட்கும். செம்பட்டை எத்தனையோ நாள் கூப்பிட்டுப் பார்த்தது. கடைசியில் நேராகவே கேட்டது.

"அங்கிருந்து பார்த்தால் இந்தப் புல்வெளி தெரியாது தவிட்டி. பிறகு எதற்கு அந்தக் குரல்?"

"என் உயிரைக் காப்பாற்றியது கருமூஞ்சி அண்ணன். அவர் குரல் இன்னும் எனக்குக் கேட்கிறது. அது போதும்" என்றது தவிட்டி.

தன் பார்வை புல்வெளிவரை எட்டாது என்று கருமூஞ்சிக்குத் தெரியும். நீயாவது அவளிடம் சொல் என்று செம்பட்டை கேட்டபோது, அது சிரித்து மழுப்பிவிட்டது. தன்னைத்தான் நம்புகிறாள் என்று மற்ற குரங்குகளிடம் பெருமை பேசுவது அதற்குப் பிடித்திருந்தது.

கோடையில் தவிட்டி ஒரு குட்டி ஈன்றது. குட்டி பிறந்த பன்னிரண்டாம் நாள், உச்சிவெயிலில், புதருக்குள் சிறுத்தை பதுங்கி வந்தது. செம்பட்டை கிளையை உலுக்கி, தொண்டை கிழியக் கத்தியது. மற்ற மான்கள் சிதறி ஓடின. தவிட்டியும் தலையைத் தூக்கியது. ஆனால் ஓடவில்லை. மருதமரத்துப் பக்கம் காதைத் திருப்பியது. அங்கிருந்து நிதானமான கூவல் மெலிதாக வந்தது. ஆபத்தில்லை.

தவிட்டி மூச்சை விட்டு, மறுபடி புல்லில் வாய் வைத்தது. அவ்வளவு நேரம் போதுமாக இருந்தது சிறுத்தைக்கு. குட்டி ஒருமுறைதான் கத்தியது.

மாலையில் தவிட்டி மருதமரத்தடிக்கு வந்து நின்றது. ஏன் அப்படிக் கூவினாய் என்று கேட்டது.

"என் கண்ணுக்கு எட்டியவரை ஒன்றுமில்லை. அதைத்தான் சொன்னேன்" என்றது கருமூஞ்சி, கீழே பார்க்காமலே.

அது பொய்யில்லை. தவிட்டிக்குப் பால் கட்டி மடி வலித்தது. அது குளத்தில் இறங்கி, வயிறு நனையும்வரை தண்ணீரில் நின்றது.

முன்பு காத்தவர் என்பதற்காக காவல் எட்டாத குரலையே பற்றிக்கொண்டிருப்பவர், பக்கத்தில் கத்துகிறவர் இருந்தும் காவலற்றவரே.