நேத்தைக்குப் போய்ச் சேர்ந்த ஸ்கூட்டர்

மிளகாய் வத்தல் காம்பு கிள்ளுகிற கையால் மூக்கைத் தொடக் கூடாது, கண்ணைத் தொடக் கூடாது. பிள்ளை வீரிட்டு அழுதாலும் முதலில் தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்து, புளித்த மோரில் கையைக் கழுவி, அப்புறம்தான் தூக்கணும். அதனால் வேலை நேரத்தில் எங்களுக்குச் சும்மா இருப்பது காதும் வாயும்தான். அதிலும் வாய் பேச்சியக்காவுக்கு. எனக்கு வெறும் காது. நாலு பேர் கூடிவிட்டால் எனக்குப் பேச்சு தொண்டையோடு நின்றுவிடும். பொண்ணு பார்க்க வந்தன்னைக்குப் பேரு என்னன்னு கேட்டதுக்கே எங்கம்மாதான் வீரலட்சுமின்னு சொன்னாங்க.

சாத்தூரில் வத்தல் மூட்டை அடுக்குகிற ஒரு கிட்டங்கியில்தான் எங்களுக்கு வேலை. பொம்பளைகள் காம்பு கிள்ளுவோம். எங்க வீட்டுக்காரர் அங்கேயே கோணி ஊசி வைத்து மூட்டை தைக்கிறார். எங்களுக்கு ஒரு பழைய மொபட் உண்டு. போன ஆடியில் மாட்டுச் சந்தைப் பொட்டலில் நாலு நாள் விழுந்து எழுந்து நானே ஓட்டப் பழகிவிட்டேன். காலையில் மகளைப் பால்வாடியில் விடுவது, சாயங்காலம் கூப்பிடுவது, மாவு மில்லுக்குப் போவது எல்லாம் அதில்தான்.

அன்றைக்கு மத்தியானம் டீ வந்த நேரம், என் நாத்தனார் புருசன் சௌந்தரபாண்டி அண்ணன் புது ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். பத்து நாள்தான் ஆகிறது வாங்கி. செக்கச் செவேல்னு, எருமைக் கிடா மாதிரி ஒரு வண்டி. வந்தவர் மூட்டை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு எங்க வீட்டுக்காரரிடம் சொன்னார்.

"மாப்ள, ஷோரூம்ல பழைய வண்டியை எடுத்துக்கிட்டுப் புதுசு குடுக்குறது இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும்தான். ஆர்சி புக்கைக் கொண்டாந்துட்டேல்ல?"

இவர் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். நான் காம்பை வைத்துக்கொண்டு வத்தலைக் குப்பையில் போட்டேன். ஏன்னா முந்தாநாள் அந்தச் சிவப்பு வண்டி எங்க வாசலில் நின்றபோது, யாரும் இல்லாத நேரம் பார்த்து நான் ஏறி உட்கார்ந்து பார்த்திருந்தேன். என் காலுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு ஜாண் இருந்தது. அதே வண்டி எங்க வீட்டுக்கு வந்தால், மறுபடியும் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நாலு கிலோமீட்டர் நடைதான். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்ல?

"ஏய்யா சௌந்தரபாண்டி," என்று பேச்சியக்கா ஆரம்பிச்சது. "இந்த ஊருல அம்புட்டு வேகத்தை எங்க கொண்டுபோயி வைக்க? மெயின் ரோட்டு விலக்குல இருந்து கிட்டங்கிக்கு வர்றதுக்குள்ள பதினோரு வேகத்தடை. என் இடுப்பு எண்ணி வச்சிருக்கு."

"அக்கா, நம்ம வண்டியைக் கண்டா வேகத்தடையே குப்புறப் படுத்துக்கிரும்."

"அப்ப காலையில எங்க ஆடுகளுக்குப் பின்னால அரை மணி நேரமா பாம்பாம்னு ஊதிக்கிட்டு வந்தது யாரு?"

"அது ஆட்டுக்குக் குடுத்த மரியாதை. அதுக்கு ஒரு கதை இருக்கு, பெறகு சொல்றேன். முதல்ல பூசை போட்டன்னைக்கு நடந்ததைக் கேளுங்க. முன் சக்கரத்துக்குக் கீழ எலுமிச்சம்பழம் வச்சாச்சு. சூடம் காட்டியாச்சு. லேசா ஒரு முறுக்கு. வண்டி பழத்து மேல ஏறுது. சளக்குன்னு ஒரு சத்தம் வரணுமா இல்லையா? வரலை. என்னடா பழம் நசுங்கலையான்னு திரும்பிப் பாக்குறேன், இருக்கங்குடி கோயில் வாசல்ல நிக்கிறேன்! சரி, வந்ததுதான் வந்தோம்னு ஆத்தாளைக் கும்பிட்டு, துன்னூறு பூசி, தேங்கா உடைச்சு, வீட்டுக்குத் திரும்பி வண்டியை நிப்பாட்டுறேன். அப்பத்தான் கேக்குது, சளக்!"

"தேங்கா உடைச்ச சத்தம்?"

"அது இன்னும் வந்துக்கிட்டிருக்கு."

என் பக்கத்தில் இருந்த ஜெயக்கொடி அடுக்கடுக்காக நாலு தும்மல் போட்டாள்.

"பாத்தீங்களா, உண்மையைச் சொன்னாத் தும்மல் வரும்," என்றார் அண்ணன்.

"புளுகு நெடி ஏறுனாலும் வரும்யா," என்றது பேச்சியக்கா.

எங்க வீட்டுக்காரர் மட்டும் ஊசியைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் மேல் குத்தம் இல்லை. போன வாரம் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை சைக்கிளில் அவரை முந்திப் போய்விட்டு, "அங்கிள், ரிப்பேரா?" என்று திரும்பிக் கேட்டிருக்கிறாள். அதை இன்னும் அவரால் முழுங்க முடியவில்லை.

"மதுரைக்கு எம்புட்டு நேரம் ஆகுது மச்சான்?"

"நேரமா? போன வெள்ளிக்கிழமை மாட்டுத்தாவணியில நின்னுக்கிட்டு ஒங்கக்காவுக்குப் போன் போட்டேன், 'கெளம்பிட்டேன், ஒலையை வையி'ன்னு சொல்ல. மணி அடிக்குது, எடுக்கலை. போனைக் காதுல இடுக்கிக்கிட்டே ஒரு முறுக்கு. வீட்டுக்குள்ள நுழையிறேன், அங்க போன் அடிச்சுக்கிட்டே கெடக்கு. அவ கொல்லையில துணி தொவைக்கிறா. சரின்னு நானே எடுத்து, 'அலோ, யாரு?'ன்னேன். 'நான்தான்'னு நானே சொன்னேன். 'எங்க இருக்க?' 'மாட்டுத்தாவணியில.' 'சீக்கிரம் வாய்யா, சோறு ஆறுது'ன்னு எனக்கு நானே ஒரு சத்தம் போட்டு வச்சேன்."

ஜெயக்கொடிக்குச் சிரிப்பும் தும்மலும் சேர்ந்து வந்து மூச்சு முட்டிப்போச்சு. எங்க வீட்டுக்காரர் கை சட்டைப் பைக்குப் போய்த் திரும்பியது. நான் எண்ணெய் வைக்காத விரலால் கண்ணைத் தொட்டுவிட்டேன். அப்புறம் என்ன, ஒரு கண்ணாலேயே மிச்சக் கதையைக் கேட்டேன்.

"அதெல்லாம் சின்ன ஓட்டம்," என்றார் அண்ணன். "போன ஞாயித்துக்கிழமைதான் வண்டியோட முழுத் திறமையும் தெரிஞ்சது. மத்தியானம் வெள்ளாட்டுத் தொடைக்கறி, குழம்பும் சுக்காவும். ஒரு புடி புடிச்சேன். செரிக்கட்டும்னு நாலுவழிச் சாலையில வண்டியை விட்டேன். கோவில்பட்டி தெரிஞ்சது. கயத்தாறு தெரிஞ்சது. அதுக்கப்புறம் ஒண்ணுமே தெரியலை. ஒரே வெள்ளை. பயந்துபோயி வீட்டுக்குத் திருப்புனா, ஒங்கக்கா வாசல்ல நின்னு, 'நாளைக்கு ஞாயித்துக்கிழமை, வெள்ளனப் போயிக் கறி எடுத்துட்டு வாங்க'ங்கிறா. மாப்ள, நான் நேத்தைக்கு வந்து சேந்துட்டேன்!"

"அப்ப நீ தின்ன கறி?" பேச்சியக்கா விடவில்லை.

"வயித்துல இருக்கு. ஏப்பம்கூட வருது. எனக்கே சந்தேகம் வந்து கறிக்கடைக்குப் போயிப் பாத்தேன். வெட்டப்போற ஆட்டை வாசல்ல கட்டிப் போட்டிருக்காங்க. மூணு காலோட நிக்குது! என்னைய ஒரு முறை முறைச்சுச்சு பாருங்க, அன்னையிலருந்து ரோட்டுல எந்த ஆட்டைக் கண்டாலும் நான் முந்துறதே இல்லை."

பேச்சியக்காவே சிரித்துவிட்டது. எங்க வீட்டுக்காரர் ஆர்சி புக்கைக் கையில் எடுத்துவிட்டார்.

"நாலு மணிக்குள்ள போனா இன்னைக்கே முடிஞ்சிருமா மச்சான்?"

"இப்பக் கெளம்புனா நேத்தே முடிஞ்சிரும்."

"இரு, இரு," என்றது பேச்சியக்கா. "இம்புட்டுக்கும் ஒரே ஒரு சாட்சி காட்டிட்டு எந்திரி."

அண்ணன் எழுந்து கிட்டங்கி நடுவில் வந்து நின்று, கையை விரித்தார். "என் காலடியில பாருங்க. நிழல் இருக்கா? வேகத்துக்கு ஈடுகுடுக்க முடியாம எங்கேயோ விட்டுப்போச்சு. மூணு நாளாச்சு, இன்னும் வந்து சேரலை."

கிட்டங்கிக்குள் வெயிலே வராது. எங்க யாருக்கும்தான் நிழல் இல்லை. ஆனாலும் எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். எங்க வீட்டுக்காரரும் பார்த்தார், பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டினார்.

"அதை நான் பாத்தேன்ணே."

சொன்னது யாருன்னு எல்லாரும் திரும்பினார்கள். நானும் ஒரு நொடி தேடினேன். நான்தான்.

"எதைப் பாத்த தங்கச்சி?"

"ஒங்க நிழலை." குனிந்த தலையை நிமிர்த்தவில்லை, கை பாட்டுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டே இருந்தது. "காலையில விலக்குல உக்காந்து காலை அமுக்கிக்கிட்டு இருந்துச்சு. எங்க மொபட்டு போற போக்குக்கு ரோட்டுல கெடக்குறது எல்லாம் கண்ணுல படும்ல? 'வாரீகளா'ன்னு கேட்டேன். பின்னால ஏறிக்கிருச்சு. ஒங்களை மாதிரி இல்லண்ணே. அடக்கமான நிழல்."

ஜெயக்கொடிக்கு வந்த தும்மல் பாதியில் நின்றது.

"மெதுவாப் போறதுல என்னடி கண்ட?" என்று பேச்சியக்கா எடுத்துக் கொடுத்தது.

"என்ன காணலைக்கா? போன மாசியில முன்னால ஒரு மூட்டை வத்தலை வச்சுக்கிட்டுக் கெளம்புனேன். சாக்குல ஒரு ஓட்டை. விதை ரோட்டோரமாச் சிந்திக்கிட்டே வருது. திரும்பிப் பாத்தா, முளைச்சிருக்கு. ரெண்டாவது வேகத்தடைகிட்டப் பூத்திருச்சு. அஞ்சாவதுகிட்டக் காய். ரயில்வே கேட்டுல நிக்கிறப்போ பழுத்து, காஞ்சு, சலசலங்குது. எறங்கி எறங்கிப் பறிச்சுப் போட்டேன். ஒரு மூட்டையோட கெளம்புனவ ரெண்டு மூட்டையோட வந்து சேந்தேன். கைப்பிள்ளையா ஏறுன மக, எறங்குறப்போ பால்வாடிக்கு நேரமாச்சுன்னு பையைத் தூக்கிட்டா. இந்தா, இவுகதான் ரெண்டு மூட்டையையும் தச்சாக. கேட்டுப்பாருங்க."

எல்லார் கண்ணும் எங்க வீட்டுக்காரர் மேல் போனது. ஒரு கையில் ஆர்சி புக், ஒரு கால் செருப்புக்குள். என்னைப் பார்த்தார். கல்யாணமான நாலு வருசத்தில் நான் சேர்ந்தாற்போல இவ்வளவு பேசி அவர் கேட்டதில்லை.

"ஆமா," என்றார் மெதுவாக. "ரெண்டு மூட்டை. ரெண்டாவதுல வத்தல் இன்னும் சூடாறலை."

கிட்டங்கியே கொல்லென்று சிரித்தது.

"சரி தங்கச்சி," அண்ணன் மறுபடி மூட்டை மேல் உட்கார்ந்தார். "என் நிழல் வழியில என்ன சொல்லுச்சு?"

"சொன்னாக் கோவிச்சுக்குவீக."

"மாட்டேன், சொல்லு."

"'வேகத்துல நான் ஒண்ணும் விட்டுப்போகலைம்மா. பெட்ரோல் தீந்துபோயி அந்த மனுசன் வண்டியை உருட்டிக்கிட்டு வந்தாரு. கனம் தாங்காம, பின்னாலருந்து தள்ளுன்னு என்னையச் சொன்னாரு. நான்தான் ஒதுங்கிட்டேன்'னு அழுதுச்சுண்ணே."

எல்லாரையும்விடப் பெரிதாகச் சிரித்தது சௌந்தரபாண்டி அண்ணன்தான். எங்க வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"கதை இருக்கட்டும். அந்த வண்டி வேணுமா, வேண்டாமா? நெசமாச் சொல்லு."

புளுகுக்கு வந்த வாய் நிசத்துக்கு வரவில்லை. கையில் இருந்த காம்பைக் கிள்ளினேன், இன்னொன்றைக் கிள்ளினேன்.

"எனக்கு அதுல கால் எட்டலை."

"எப்ப ஏறிப் பாத்த?"

"முந்தாநா. நீங்க குளிக்கப் போனப்ப. ஒரு ஜாண் கொறையுது."

யாரும் சிரிக்கவில்லை. பேச்சியக்காதான் முறத்தைத் தட்டிக்கொண்டே சொல்லுச்சு: "வேகம் கெடக்கட்டும். நிப்பாட்டுனா நிக்கணும்ல."

சௌந்தரபாண்டி அண்ணன் வாசலில் நின்ற சிவப்பு வண்டியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், "எனக்கே நுனி விரல்தான் படுது," என்றார். "நிப்பாட்டுனா ஒரு பக்கமாச் சாயுது. அதான் எங்கயும் நிப்பாட்டாமப் போயிக்கிட்டே இருக்கேன்."

எங்க வீட்டுக்காரர் ஆர்சி புக்கைப் பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு, இரண்டாக மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, கோணி ஊசியைக் கையில் எடுத்தார். அவ்வளவுதான். எனக்குத்தான் அதுக்கப்புறம் வாயை மூடத் தெரியவில்லை.

"அந்த மொபட்டை என்னைக்காவது முழுசா முறுக்கியிருக்கியா தங்கச்சி?" என்று அண்ணன் கேட்டார்.

"ஒரே ஒரு தடவைண்ணே. ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்லை. என்னதான் ஆகுதுன்னு பாப்போமேன்னு முறுக்குனேன். பாத்தா, வைப்பாறு ரெண்டு கரையும் தொட்டுத் தண்ணி ஓடுது!"

"மணலாக் கெடக்குற வைப்பாத்துல தண்ணியா!" அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். "எம்மா, நான் சொன்னதெல்லாம் புளுகே இல்லை."

"கேளுங்கண்ணே. பிரேக்கைப் புடிக்கிறேன், நிக்கலை. மகளை இறுக்கிக்கிட்டேன். ஆத்துக்குள்ள எறங்கப்போறோம், அப்பப் பாத்து அந்தத் தண்ணிக்குள்ளருந்து..."

"ஏ வீரலட்சுமி!" கேட்டில் இருந்து வாட்ச்மேன் கத்தினார். "பால்வாடி டீச்சரு போன்ல! எல்லாப் பிள்ளையும் போயாச்சாம், ஒம் மக மட்டும் கேட்டைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாளாம்!"

எண்ணெயைத் தேய்த்தேன், மோரில் கையை முக்கினேன், முந்தானையில் துடைத்துக்கொண்டே ஓடினேன். பேச்சியக்கா முறத்தைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்துச்சு. "தண்ணிக்குள்ளருந்து என்னடி? சொல்லிட்டுப் போடி!"

நான் மொபட்டை ஸ்டாண்டில் இருந்து இறக்கி, ரெண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டு, ஒரு கையை உயரத் தூக்கிக் காட்டினேன். "அதுவாக்கா, இந்தா இம்புட்டு உசரத்துக்கு, தலையில தலப்பா கட்டிக்கிட்டு ஒரு..."