உரித்தால் வராத நீலம்

மலையடிவாரத்தில் ஒரு குளம். குளக்கரையில் ஒரு பெரிய ஆலமரம். அந்த ஆலமரம் முழுக்கக் குரங்குகள்!

கூட்டத்துக்குத் தலைவன் பெயர் தொப்பளான். வயிறு பெரிசு. மூளை எவ்வளவு என்று நாம் ஏன் சொல்ல வேண்டும், கதை கேட்டால் தானாகத் தெரிந்துவிடும்.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. எது கையில் கிடைத்தாலும் உரித்துப் பார்க்க வேண்டும். வாழைப்பழமா, உரி! வேர்க்கடலையா, உரி! ஒருநாள் ஊர்ப் பையன்கள் தொலைத்த கிரிக்கெட் பந்து ஒன்று கிடைத்தது. அதையும் விடவில்லை. தோலை உரித்து, நூலைப் பிரித்து, உள்ளே இருந்த கட்டையைக் கடித்துப் பார்த்தார்கள். “இன்னும் பழுக்கலை!” என்று சொல்லித் தூக்கி எறிந்தார்கள். வெளியே எப்படி இருந்தாலும் சரக்கு உள்ளேதான் இருக்கும் என்பது அவர்கள் கணக்கு.

ஒரு நாள் ஊருக்குள் சாமி ஊர்வலம். தொப்பளான் வேப்பமரத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான். அலங்காரம் பண்ணின வண்டியில் ஒரு பையன் நின்றிருந்தான். உடம்பெல்லாம் நீலச் சாயம், தலையில் மயிலிறகு, கையில் புல்லாங்குழல். வழியெல்லாம் ஜனங்கள் கைகூப்பினார்கள். அவன் காலடியில் சீப்புச் சீப்பாக வாழைப்பழம் வைத்தார்கள்!

“அடேங்கப்பா! இவன் போன வாரம் நம்மைக் கவட்டையால அடிச்சு விரட்டின பயல் ஆச்சே! நீலம் பூசினதும் சாமி ஆயிட்டானே!” என்று வாயைப் பிளந்தான் தொப்பளான்.

அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். சாப்பாடு இறங்கவில்லை. “நானும் நீலம் ஆகணும்! வானம் நீலம், மலை நீலம், சாமி நீலம். உசந்தது எல்லாமே நீலமாத்தான் இருக்கு. நான் மட்டும் ஏன் இப்படிக் காய்ஞ்ச சருகு நிறத்துல இருக்கேன்?” என்று புலம்பினான்.

முதலில் சங்குப்பூவைக் கசக்கி முகத்தில் பூசிக்கொண்டான். அரைமணி நேரம் ஜோராக இருந்தது. ஒரு மழை வந்தது, கழுவிக்கொண்டு போய்விட்டது.

“கரையாத நீலம் வேணும்!” என்று குளத்தில் இறங்கினான். குளம் நீலமாகப் பளபளத்தது. இரண்டு கையாலும் அள்ளினான். கையில் வெறும் தண்ணீர்! இன்னும் ஆழத்தில் அள்ளினான். அதுவும் வெறும் தண்ணீர். கிடைத்தது சளிதான்.

அப்புறம் தூரத்து நீலமலைக்குப் புறப்பட்டான். அவன் மனைவி கோமளமும் கூடவே நடந்தாள். பொழுது சாயும் நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். பார்த்தால், பாறையும் முள்ளும் பச்சைப் புதரும்! நீலம் அதற்கும் அடுத்த மலையில் போய் நின்றுகொண்டிருந்தது. திரும்பி வந்த வழியைப் பார்த்தான் தொப்பளான். அவர்கள் விட்டுவந்த மலை நீலமாகத் தெரிந்தது.

“கோமளம்! நம்ம வீட்டுப் பக்கந்தான் நீலமா இருக்கு!” என்று கத்தினான்.

“அப்போ பேசாம வீட்டுக்கே போலாம் வாங்க. எனக்குக் கால் வலிக்குது!” என்றாள் கோமளம்.

இப்படி அலுத்துப்போய் உட்கார்ந்திருந்த ஒரு காலை நேரத்தில்தான் அது நடந்தது.

குளத்தங்கரையில் ஒரு மொட்டைப் பனை. அதன் உச்சியிலிருந்து ஒரு பறவை தரையில் இருந்த வெட்டுக்கிளியைப் பார்த்துப் பாய்ந்தது. பாயும்போது இறக்கை விரிந்தது. ஐயோ, அந்த நீலம்! கருநீலம் ஒரு பட்டை, வெளிர்நீலம் ஒரு பட்டை. வெயிலில் பளீர் பளீர் என்று அடித்தது. தொப்பளானுக்கு மூச்சே நின்றுபோனது. கையிலிருந்த கொய்யாப்பழம் நழுவி விழுந்தது. அதை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு குரங்கு கொய்யாவைத் திரும்பிப் பார்க்கவில்லை என்றால் விஷயம் எவ்வளவு பெரிசு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்!

“என்ன தலைவரே, நீலம் வேணுமா?” என்று புதரிலிருந்து ஒரு குரல். சங்கிலி என்ற கீரி அது. பேச்சில் தேன் ஒழுகும். “அவ பேரு வேலாத்தா. பனங்காடை. அந்தப் பனைப் பொந்துலதான் குஞ்சுகளோட குடியிருக்கா. எனக்குப் பனை ஏற வராது. நீங்க ஏறிப் பிடிங்க. உரிச்சு நீலத்தை எடுத்துக்குங்க. மிச்சம் மீதியை நான் அப்புறப்படுத்திடறேன். நம்ம குளக்கரை சுத்தமா இருக்கணும் பாருங்க!”

தொப்பளான் யோசிக்கவே இல்லை. விறுவிறுவென்று பனையில் ஏறினான். வேலாத்தா இரையோடு பொந்துக்குள் நுழைந்ததும் கையை விட்டான். கப்பென்று பிடித்துக் கீழே கொண்டுவந்தான். பொந்துக்குள் குஞ்சுகள் வீல்வீல் என்று கத்தின.

ஆலமரத்தடியில் கூட்டமே கூடிவிட்டது. தொப்பளான் பெருமையாகக் கையை நீட்டினான். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். பார்த்தால், மண் நிறம்! முதுகு பழுப்பு, நெஞ்சு பழுப்பு. தலையிலும் இறக்கை ஓரத்திலும் ஏதோ மங்கலாக ஒரு கீற்று, அவ்வளவுதான்.

“இது வேற பறவை!” என்று அதிர்ந்துபோனான் தொப்பளான்.

“அதே பறவைதான் தலைவரே! களவாணி! நீலத்தை உள்ளே ஒளிச்சு வெச்சிருக்கா. உரிங்க!” என்றது சங்கிலி.

“ஆமா, உரிங்க! உரிங்க!” என்று கூட்டமும் கத்தியது. உரிப்பது என்றால்தான் அவர்களுக்குச் சர்க்கரைப் பொங்கல் ஆயிற்றே!

தொப்பளானின் விரல் வேலாத்தாவின் நெஞ்சு இறகைப் பற்றியது. உள்ளே அவள் இதயம் படபடவென்று அடித்துக்கொள்வது அவன் விரலுக்குத் தெரிந்தது. அவன் ஒரு நொடி தயங்கினான்.

அந்த ஒரு நொடி போதும் வேலாத்தாவுக்கு. “தலைவரே, ஒரு பேச்சு! என் பொந்துல உதிர்ந்த இறகு ஒண்ணு கிடக்கு. நல்ல நீலம். முதல்ல அதை அரைச்சுப் பாருங்க. நீலம் வந்தா என்னையும் உரிச்சு அரைச்சுக்குங்க. வரலேன்னா என்னை விட்டுடணும். என் குஞ்சுகளுக்கு இன்னும் கண்ணுகூடச் சரியாத் திறக்கலைங்க!” என்றாள்.

“சரி, அதுக்கென்ன! வாக்குக் குடுத்தேன்!” என்றான் தொப்பளான்.

கோமளம் பனையில் ஏறி இறகைக் கொண்டுவந்தாள். என்ன நீலம் அது! பாறைமேல் வைத்ததும் எல்லாரும் “ஆஹா!” என்றார்கள். ஒரு கூழாங்கல்லை எடுத்து அரைக்க ஆரம்பித்தாள் கோமளம். சரக், சரக், சரக். கூட்டம் பாறையைச் சுற்றி நெருங்கி நின்றது.

இறகு நசுங்கியது. தூளாயிற்று. அந்தத் தூள் நீலமாக இல்லை! அழுக்குப் பழுப்பாக, அடுப்புச் சாம்பலில் மண் கலந்த மாதிரி கிடந்தது. கோமளம் விரலில் தொட்டு உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தாள். நீலம் பொட்டுக்கூட இல்லை.

“பழைய இறகு! சத்துப் போயிடுச்சு!” என்றது சங்கிலி அவசர அவசரமாக.

“அரைக்கிற வரைக்கும் நீலமாத்தானேய்யா இருந்துச்சு? என் கை பட்டதும் சத்து ஓடிப்போச்சாக்கும்!” என்று கடுகாகப் பொரிந்தாள் கோமளம்.

தொப்பளானுக்கு அழுகையே வந்துவிட்டது. “அம்மிணி, நான் என் கண்ணால பார்த்தேன். அந்த நீலம் எங்கே போச்சு?”

வேலாத்தா அவனைப் பார்த்தாள். பாவம், நிஜமாகவே தெரியாமல்தான் கேட்கிறான் என்று புரிந்துகொண்டாள்.

“தலைவரே, இலையைக் கசக்கினா பச்சை கையில ஒட்டும். ஏன்னா பச்சை அதுக்குள்ளேயே இருக்கு. என் நீலம் அப்படியில்லை. இந்த வெயில் வெள்ளையாத் தெரியுதே, அதுக்குள்ளே எல்லா நிறமும் ஒண்ணாக் கூடி வருது. என் இறகுக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னப் பொத்தல் கோடிக்கணக்குல இருக்கு. வெயில் அதுல வந்து விழும்போது மத்த நிறமெல்லாம் உள்ளே போய் அடங்கிடும். நீலம் மட்டும் திரும்பித் தெறிக்கும். அதுதான் உங்க கண்ணுல வந்து விழுது. அரைச்சீங்க, பொத்தல் நசுங்கிப் போச்சு. நீலமும் போச்சு.”

கோமளம் உள்ளங்கையில் ஒட்டியிருந்த பழுப்புத் தூளை மறுபடி பார்த்தாள்.

“அப்போ... வானத்தைப் பிழிஞ்சா?” என்று மெதுவாகக் கேட்டான் தொப்பளான்.

“ஒரு சொட்டு நீலம் வராதுங்க. அங்கே சாயமே கிடையாது. காத்துல வெயில் மோதி நீலம் சிதறுது. அதுதான் நம்ம தலைக்கு மேலே பரந்து கிடக்கு. அந்த வானம்தான் குளத்துல தெரியுது. தூரத்து மலையில நீங்க பார்க்கிறதும் நடுவுல இருக்கிற காத்தோட நீலந்தான்.”

தொப்பளான் நிமிர்ந்து பார்த்தான். பிறந்ததிலிருந்து தலைக்கு மேலே இருந்த வானம். இத்தனை பெரிய நீலம், ஒரு பொட்டுச் சாயம் இல்லாமலா! அவனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

“அப்போ நீலம் உன்கிட்டே இல்லையா?”

“என்கிட்டே மட்டும் இல்லைங்க. வெயிலும் இறகும் சந்திக்கிற இடத்துல இருக்கு. நான் இறக்கையை விரிச்சாத்தான் அந்தச் சந்திப்பு நடக்கும். நீங்க மடக்கிப் பிடிச்சிருக்கீங்களே!”

“விடாதீங்க தலைவரே!” என்று பல்லைக் கடித்தது சங்கிலி. “விட்டா பறந்துடுவா! கையில இருக்கிற வரைக்கும் அவ உங்க சொத்து!”

தொப்பளான் கையைப் பார்த்தான். உண்மைதான். விட்டால் போய்விடுவாள். அப்புறம் வரவே மாட்டாள். ஆனால் கையில் இருப்பது என்ன? வெறும் பழுப்பு. பிடித்துக்கொண்டே இருந்தால் சாகிறவரை பழுப்புத்தான். ஆசை ஒரு பக்கம் இழுத்தது. பொந்திலிருந்து குஞ்சுகளின் கத்தல் மறுபக்கம் இழுத்தது. முன்பைவிட இப்போது அது பலம் குறைந்து கேட்டது.

“ஏனுங்க, வாக்குக் குடுத்தீங்க” என்றாள் கோமளம்.

இறகில் வெயில் படட்டும் என்று, குளத்துப் பக்கம் நீண்டிருந்த ஆலமரத்து உச்சிக் கிளையின் நுனிக்கு ஏறினான் தொப்பளான். கண்ணை மூடிக்கொண்டான். கையைத் திறந்தான்.

வேலாத்தா பறக்கவில்லை!

இத்தனை நேரம் இறுக்கிப் பிடித்ததில் இறக்கை மரத்துப்போயிருந்தது. கல்லு மாதிரி நேராகக் கீழே விழுந்தாள். “ஐயையோ!” என்று அலறியது கூட்டம். சங்கிலி இதற்குத்தானே காத்திருந்தது! வாயைத் திறந்துகொண்டு பாறையிலிருந்து ஒரே தாவாகத் தாவியது.

“எந்திரி அம்மிணி! பறந்துடு!” என்று தொண்டை கிழியக் கத்தினான் தொப்பளான். நீலம் கேட்டுக் கத்தவில்லை. அவள் பிழைத்தால் போதும் என்றுதான் கத்தினான்.

தரைக்கு ஒரு முழம் இருக்கும். படார் என்று இறக்கை விரிந்தது!

மதிய வெயில் முழுசாக அதன்மேல் விழுந்தது. அம்மாடி! மரத்தடி நிழலெல்லாம் விலகி வழிவிட்ட மாதிரி ஒரு நீலம். அவள் மேலே ஏறினாள். ஏற ஏற நீலம் மாறியது. ஒரு பக்கம் சாய்ந்தால் கருநீலம், மறுபக்கம் சாய்ந்தால் பச்சை கலந்த வெளிர்நீலம். வானத்தில் ஒரு குட்டிக்கரணம் போட்டாள். அப்போது இரண்டும் ஒன்றாகச் சுழன்றன. எந்தக் குரங்கும் கத்தவில்லை. தாய் வயிற்றில் தொங்கிய குட்டிகூடத் தலையைத் திருப்பிப் பார்த்தது. பார்த்தவர்கள் எல்லாருக்கும் கண்ணில் தண்ணீர். ஏன் என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது.

சங்கிலி என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? தாவின வேகத்தில் குளத்துச் சேற்றில் தலைகுப்புறப் போய் விழுந்தது. மூக்கு வரை சேறு. எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல் ஓடியது.

வேலாத்தா ஒரு வெட்டுக்கிளியைக் கொத்திக்கொண்டு பொந்துக்குள் நுழைந்தாள். கொஞ்ச நேரத்தில் குஞ்சுகளின் அழுகை அடங்கியது. தொப்பளானுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

“ஏனுங்க, போயிட்டாளே, வருத்தமா இருக்கா?” என்று கேட்டாள் கோமளம்.

“வருத்தமா? காலையில இருந்து பிடிச்சு வெச்சிருந்தேன், ஒண்ணையும் பார்க்கலை. விட்ட பிறகுதான் கோமளம், பார்த்தேன்!” என்றான் தொப்பளான்.

அன்றிலிருந்து அந்தப் பனைமரத்தடியில் காவலுக்கு உட்கார்ந்தது யார் தெரியுமா? நம் தொப்பளானேதான்! கீரி வந்தாலும் விரட்டினான், பாம்பு வந்தாலும் விரட்டினான். ஒரு நாள் காலையில் குஞ்சுகள் பொந்து வாசலுக்கு வந்து நின்றன. மூன்றும் மூன்று மண்ணாங்கட்டி மாதிரி பழுப்பாக இருந்தன. தொப்பளான் ஒரு விரலைக்கூட நீட்டவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, அண்ணாந்து, காத்திருந்தான். முதல் குஞ்சு பயந்து பயந்து இறக்கையை விரித்தது.

குழந்தைகளே, பெரியவர்களே, சில அழகு பிடித்துவைத்தவனுக்குத் தெரியாது, கையைத் திறந்து பறக்கவிட்டவனுக்குத்தான் தெரியும்.