சீதனமும் ஏழு கருங்குஞ்சுகளும்

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டில் ஒரு ராஜா இருந்தார். நாட்டின் பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், வேண்டாம். எதிரிப் படை வந்தாலும் அசையாத ராஜா, ராணி முகத்தைத் திருப்பிக்கொண்டால் மட்டும் சோறு இறங்காமல் தவிப்பார்.

ராணி கல்யாணமாகி வந்தபோது பிறந்த வீட்டிலிருந்து ஒரு செவலைக் கோழியும் கூடவே வந்தது. சீரோடு வந்ததால் அதன் பெயரே சீதனம். அரண்மனை முற்றத்தில் அது வைத்ததுதான் சட்டம். அந்த மாதம் பதினொரு குஞ்சு பொரித்திருந்ததால் பட்டத்து யானைகூட ஒதுங்கித்தான் போகவேண்டியிருந்தது.

அந்த நேரம் பார்த்து ராணியின் தம்பி, அக்காளுக்கு ஆசையாக ஏழு கருங்குஞ்சுகளைக் கூடையில் அனுப்பிவைத்தான். கூடையைத் திறந்ததும் சீதனம் பாய்ந்து வந்து ஏழின் தலையிலும் ஒரு கொத்து கொத்தியது. ராணி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். "என் தம்பி கொடுத்ததற்கு இந்த வீட்டில் இதுதான் மரியாதையா?" என்ற குரல் மட்டும் வெளியே வந்தது.

கொத்தியதும் பிறந்த வீட்டுக் கோழி, கொத்துப்பட்டதும் பிறந்த வீட்டுக் குஞ்சு. இதில் தாம் எங்கே வந்தோம் என்று ராஜாவுக்குப் புரியவில்லை. பாவம், எந்தப் புருஷனுக்குத்தான் புரிந்திருக்கிறது? பட்டினியோடு கொலுவுக்கு வந்தவர், விகடம் பேசும் தாண்டவனைக் கூப்பிட்டார்.

"தாண்டவா, நாளை உச்சிப்பொழுதுக்குள் சீதனம் அந்த ஏழு குஞ்சுகளையும் தன் சிறகுக்குள் சேர்த்துக்கொள்ள வேண்டும். உன் பொறுப்பு."

தாண்டவன் நிம்மதியாகத் தலையாட்டினான். இருட்டியதும் குஞ்சுகளைச் சிறகடியில் செருகிவிட்டால் விடியும்போது கோழி தன் பிள்ளை என்றே நினைத்துக்கொள்ளும். ஊர் உலகமெல்லாம் செய்வதுதானே!

அங்கேதான் கட்டியங்காரர் கீர்த்திவாசர் கனைத்தார். ராஜாவின் அறுபத்து நான்கு பட்டங்களைத் தினமும் உரக்கக் கூறுவது அவர் உத்தியோகம். தாண்டவன் வந்த நாள் முதலாகப் பட்டங்களை யாரும் கேட்பதில்லை. எப்போது முடியும், தாண்டவன் எப்போது வாய் திறப்பான் என்றே எல்லோரும் காத்திருப்பார்கள். அந்த எரிச்சல் அவருக்கு.

"மகாராஜா, இருட்டில் செருகுவது திருட்டு வேலை. பட்டப்பகலில், தங்கள் முன்னிலையில் நடக்க வேண்டும். தாண்டவன் கை கோழியின் மேலும் படலாகாது, குஞ்சின் மேலும் படலாகாது. தவறினால், ஆயுள் முழுவதும் தலையில் சேவல் கொண்டை வைத்துக்கொண்டு, கோட்டை மதில்மேல் நின்று விடியலில் கூவட்டும்."

கடைசியாகப் பேசியவர் சொல்வதே சரி என்பது ராஜாவின் வழக்கம். "அப்படியே ஆகட்டும்" என்றார்.

தாண்டவனோ வாயை வைத்துப் பிழைக்கிறவன். இனி அந்த வாய்க்குக் 'கொக்கரக்கோ' ஒன்றுதானா?

அன்று சாயங்காலம் வரை முற்றத்தில் குந்தி, சீதனத்தையே முறைத்துக்கொண்டிருந்தான். சீதனமும் அவனை முறைத்தது. திடீரென்று மேலே ஒரு பருந்து வட்டமிட்டது. நிழல் தரையில் ஓடியதுதான் தாமதம், சீதனம் 'கெர்ர்ர்' என்று கத்திச் சிறகை விரித்தது. பதினொரு குஞ்சும் உள்ளே புகுந்தன. பருந்து போனதும் கோழி எழுந்தது. கீழே பதினொரு குஞ்சும், அவசரத்தில் சேர்த்து அணைத்திருந்த ஒரு தேங்காய் மூடியும் இருந்தன.

தாண்டவன் வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டுத் தூங்கினான்.

மறுநாள் காலை முற்றத்தில் கொலு கூடியது. ராணியும் வந்தாள். ராஜாவைப் பார்க்காமல் தூணைப் பார்த்து உட்கார்ந்தாள். தோழி கூடையைத் திறந்துவிட்டாள். சீதனம் ஒரு கருங்குஞ்சைத் துரத்திக் கொத்தியது. தாண்டவன் இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். வெயில் ஏறியது. கீர்த்திவாசர் தம் செலவிலேயே செய்து வந்திருந்த சிவப்புக் கொண்டையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"மகாராஜா, கொலு கூடியும் இன்னும் கட்டியம் கூறவில்லையே! பட்டங்களைக் கேட்காமல் அடியேனுக்கு எந்தக் காரியமும் ஓடாது" என்றான் தாண்டவன்.

கீர்த்திவாசருக்குத் தம் காதையே நம்ப முடியவில்லை. அவரிடம் இதுவரை ஒருவரும் கேட்டு வாங்கியதில்லை. கிழக்குப் படிக்கட்டின் உச்சியில், சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றார். வழக்கம்போல் சால்வையை இரண்டு கைகளிலும் விரித்துப் பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார். பட்டத்துக்கு ஒரு தரம் கை மேலே போய்க் கீழே வரும்.

"ராஜாதி ராஜ! ராஜ மார்த்தாண்ட! பகைவர் குல கால!"

அகன்ற நிழல் முற்றத்தின் மேல் சிறகடித்தது.

'கெர்ர்ர்!' சீதனம் சிறகை விரித்துப் படுத்தது. செவலை, கறுப்பு என்று பாராமல் பதினெட்டும் விழுந்தடித்துக்கொண்டு உள்ளே ஓடின. கடைசிக் கருங்குஞ்சு இடமில்லாமல் வால்புறம் முட்டியது. சீதனம் சற்று எழுந்து அதற்கும் இடம் கொடுத்தது. பக்கத்தில் ராஜா கழற்றிவைத்திருந்த பாதரட்சை ஒன்றையும் இழுத்து அணைத்துக்கொண்டது.

ராணி கலகலவென்று சிரித்துவிட்டாள். சபையே சிரித்தது. கண்ணை மூடியிருந்த கீர்த்திவாசர், தம் குரல்வளத்துக்குக் கிடைத்த பாராட்டு என்று எண்ணி இன்னும் பலமாகச் சிறகடித்தார்.

கண் திறந்தபின் கூவினார்: "பயத்தில் சேர்த்தது, சேர்த்ததாகாது!"

"சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் உத்தரவு, ஐயா. சந்தோஷமாகச் சேர்க்க வேண்டும் என்று உத்தரவில் இல்லையே" என்றான் தாண்டவன். "பட்டப்பகல், மகாராஜாவின் முன்னிலை. அடியேன் கை இன்னும் அக்குளில்தான் இருக்கிறது."

அதற்குள் சீதனம் எழுந்து, மண்ணைக் கிளறி ஒரு கறையானைக் கொத்தி, 'க்ளக், க்ளக்' என்றது. முதலில் ஓடி வந்தது ஒரு கருங்குஞ்சுதான். சீதனம் அதைக் கொத்தவில்லை.

ராணி தூணை விட்டு ராஜாவைப் பார்த்தாள். "பசிக்கிறதா?" என்று கேட்டாள். ராஜாவுக்குக் கண்ணீர் வரச் சிரிப்பு வந்தது.

"கீர்த்திவாசரே, இத்தனை வருஷமாக என் பட்டங்களைக் கூறுகிறீர். அவற்றால் ஓர் உயிருக்கு உபகாரம் நடந்தது இன்றைக்குத்தான்!" என்றார். தம் பொற்காப்பைக் கழற்றித் தாண்டவன் கையில் பூட்டினார். குஞ்சுகள் நன்றாகப் பழகும்வரை, தினமும் முற்றத்தில் வந்து கட்டியம் கூறும்படி கீர்த்திவாசருக்கு உத்தரவாயிற்று. தைத்து வந்த கொண்டை வீணாகலாமா? அதையும் அவரே வைத்துக்கொண்டார்.

எல்லாம் சுபம்தான். ராஜாவின் பாதரட்சை ஒன்று மட்டும் சீதனத்தின் பிள்ளையாகவே இருந்துவிட்டது. ஒற்றைக் காலில் பாதரட்சையோடு நடந்தாரே தவிர, அவர் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. மாமியார் வீட்டுக் கோழியிடம் வாய் கொடுக்க எந்த மாப்பிள்ளைக்குத் தைரியம் வரும்?