பனி ஸ்கூட்டரில் வந்த மாப்பிள்ளை

செம்மண் தேரிக்காட்டுக்குள்ளே கொம்பன்விளை என்று ஓர் ஊர். அந்த ஊரில் மூளைக்குப் பஞ்சமே கிடையாது. யாராவது எடுத்துச் செலவழித்தால்தானே குறையும்!

அங்கே தவசிக்கனிக்கு முப்பத்தைந்து வயதில் ஒருவழியாகப் பெண் அமைந்தது. பக்கத்து ஊர் வள்ளிக்கொடி. பெண்ணின் அப்பா கொம்பையா நகை கேட்கவில்லை, வீடு கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"என் மூத்த மருமகன் மாப்பிள்ளை அழைப்புக்கு வந்தப்போ வாசல்ல காரு லைட்டு மங்கிப் போச்சு. மனுசன் இன்னைக்கு வரைக்கும் வேலைவெட்டிக்குப் போகல. அதனால மாப்ளே, என் வாசல்ல உங்க லைட்டு பளிச்சுன்னு எரியணும். மங்குச்சோ, வந்த வழியே திரும்பிருங்க."

தவசிக்கனி சரியென்று தலையாட்டிவிட்டு நேரே வண்டியைப் பார்க்க ஓடினான். அவனுடைய வண்டி லட்சணம் அப்படி. மலைமேல் செயற்கைப் பனி கொட்டி விளையாட்டுக் காட்டிய பூங்கா ஒன்றை இழுத்து மூடியபோது, அடிமாட்டு விலைக்கு வாங்கி வந்த பழைய பனி ஸ்கூட்டர் அது. முன்னால் இரண்டு சறுக்குப் பலகை, பின்னால் பல் வைத்த ரப்பர் பட்டை, சக்கரமே கிடையாது. பகலில் தேரி மணலில் அது ஜோராகத்தான் ஓடியது. வாசலில் வைத்து இஞ்சினைப் போட்டுப் பார்த்தால், முகப்பு விளக்கு மட்டும் ஊதுபத்தி நுனி மாதிரி எரிந்தது.

அவனும் கூட்டாளிகள் முக்காண்டியும் பட்டுராசனும் கூடி உட்கார்ந்து, பூங்காவில் மெக்கானிக்காக இருந்த அருளப்பனுக்குப் போன் போட்டார்கள்.

"பல்பைக் கழட்டிப் பாருங்கப்பா" என்றார் அருளப்பன்.

கழற்றினார்கள். கீழே வைத்து, மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். கண் வலிக்கிற வரைக்கும் பார்த்தார்கள்.

"பாத்தாச்சு அண்ணாச்சி. மங்கல் சுத்தமா நின்னுட்டு" என்றான் முக்காண்டி. "ஆனா வெளிச்சமும் கூடவே போயிட்டு."

அருளப்பன், "திருப்பி மாட்டுங்க. ஒயர் நுனியில துரு ஏறியிருக்கும். உப்புத்தாள் வச்சு நுனியைத் தேய்ங்க" என்று சொல்லிப் போனை வைத்தார்.

பட்டுராசன் வேலை என்று இறங்கினால் மனசார இறங்குகிற ஆள். தேய்த்த தேய்ப்பில் நுனி பொடிப்பொடியாக உதிர்ந்தது.

"என்னலே, நுனி தீந்துட்டா?" என்றான் தவசிக்கனி.

"அது எப்படிலே தீரும்? இந்த நுனி போனா உள்ள இருந்து அடுத்த நுனி வந்துருதே!"

"அப்போ அதையும் தேய்க்கணுமோ?"

"பின்னே? எந்த நுனின்னு அண்ணாச்சி சொல்லலையே. ஒயர்ல நுனி இருக்குற வரைக்கும் நமக்கு வேலை இருக்கு."

நியாயமான பேச்சு. மத்தியானத்துக்குள் ஒரு முழ ஒயர் தூளாகிப் போனது. மிச்ச ஒயர் விளக்கை எட்டவில்லை. தவசிக்கனி தன் வீட்டு வாசலில் கட்டியிருந்த சீரியல் செட்டில் ஒரு முழம் வெட்டி, முடிச்சுப் போட்டு இணைத்தான். வாசல் இருண்டது, வண்டி விளக்கு பழையபடி ஊதுபத்தியாக எரிந்தது.

மறுபடியும் போன்.

"வண்டியை நிறுத்தி வச்சுக்கிட்டா பாக்குறீங்க?" என்று அலறினார் அருளப்பன். "அட கடவுளே! அந்த வண்டிக்குப் பேட்டரி கிடையாதுப்பா. இஞ்சின் வேகமா சுத்துனாத்தான் கரண்டு வரும். நின்னா மங்கும். ஓட்டுங்க, பளிச்சுன்னு எரியும்!"

ஓட்டினார்கள். பளிச்! தவசிக்கனிக்குச் சந்தோஷத்தில் கண்ணே கலங்கிவிட்டது. முக்காண்டிதான் குட்டையைக் குழப்பினான்.

"பொண்ணு வீட்டு வாசல்ல நிக்கணுமே. நின்னா மங்குமே?"

"அப்போ நிக்காத" என்றான் பட்டுராசன்.

"நிக்காம எப்படிலே கல்யாணம் பண்ண?" என்றான் தவசிக்கனி.

"லைட்டு மங்கக்கூடாதுன்னுதான மாமா சொன்னாரு? நிக்கணும்னு சொன்னாரா?"

யோசித்துப் பார்த்தால், சொல்லவில்லைதான்.

பொழுது சாய்ந்தது. பெண் வீட்டுத் தெருவில் மேளம் முழங்க, வெடி வெடிக்க, மாமியார் ஆலத்தித் தட்டோடு வாசலில் நின்றாள். மாப்பிள்ளை வந்தான். தெருவுக்கே கண் கூசியது. கொம்பையா முகம் மலர்ந்து கையைக் கூப்பினார். தவசிக்கனியும் பதிலுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, வாசலைத் தாண்டிப் போய்விட்டான்.

தெருமுனையில் திரும்பி மறுபடியும் வந்தான். மறுபடியும் தாண்டினான்.

"மாப்ளே, நில்லுங்க!"

"நின்னா மங்கிரும் மாமா!"

கொம்பையா பந்தலுக்குள்ளே திரும்பிப் பார்த்தார். மூத்த மருமகன் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். கொம்பையாவுக்குப் பகீரென்றது.

"அப்போ நிக்காதீங்க மாப்ளே! நிக்கவே நிக்காதீங்க!"

மாப்பிள்ளை நிற்காவிட்டால் ஆலத்தியை எப்படிச் சுற்றுவது? மாமியார் தட்டோடு வண்டிக்குப் பின்னால் ஓடினாள். பாதி ஆலத்தித் தண்ணீர் பட்டுச்சேலையில் கொட்டியது. கல்யாணமே நின்றுவிடுமோ என்று எல்லோரும் கையைப் பிசைந்தபோது, மணப்பெண் வள்ளிக்கொடியே தெருவுக்கு வந்தாள்.

"ஏம்மா, நீ எதுக்கு மூச்சு வாங்க ஓடுதே? தட்டோட நடுத்தெருவுல நில்லு. அவரு உன்னையச் சுத்தட்டும். தட்டு மாப்பிள்ளையச் சுத்துனா என்ன, மாப்பிள்ளை தட்டைச் சுத்துனா என்ன?"

தவசிக்கனிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இப்பேர்ப்பட்ட அறிவாளி தனக்குப் பெண்டாட்டியாக வருகிறாளே! அந்தப் பூரிப்பில் மாமியாரைச் சுற்ற ஆரம்பித்தான். மூன்று சுற்று முடிந்தது. நின்றால் மங்குமே, அதனால் நாலாவதும் சுற்றினான். ஐந்தாவதும் சுற்றினான். அப்புறம் எண்ணுகிறவர்களுக்கே தலை சுற்றிவிட்டது.

மாப்பிள்ளையோடு வந்திருந்த பட்டுராசனிடம் கொம்பையா பதறினார். "ஆலத்தி மூணு சுத்துதானவே? கூடிப் போச்சே, ஏதும் ஆகாதுல்ல?"

"கவலைப்படாதீங்க மாமா" என்றான் பட்டுராசன், நிதானமாக. "கூடுன சுத்து ஒண்ணும் வீணாப் போகாது. இவங்களுக்குப் பொறக்கப் போற பிள்ளைங்க கல்யாணத்துல கழிச்சுக்கிடலாம்."

கொம்பையாவுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியோடு கூடவே ஓடினார்.

"மாப்ளே! பேரன் பேத்திக்கு ஆச்சு. அப்படியே கொள்ளுப் பேரன்மாருக்கும் சேத்துச் சுத்திருங்க!"