மூடப்படாத மண்தைலக் கிணறு

நஞ்சுண்ட பெருமான் கோயில் கொண்டிருக்கும் நெய்க்குன்ற நாட்டில், அப்பெருமான் திருவிளையாடல்போல் நிகழ்ந்த ஒரு வேடிக்கையைச் சொல்லப் புகுகிறேன்.

அந்நாட்டுக் குன்றின் அடிவாரத்தில் ஒரு கிணறு இருந்தது. அதில் ஊறியது மண்தைலம் என்னும் கறுத்த எண்ணெய். முகர்ந்தால் மூக்கு சுளிக்கும். தீவட்டியில் வார்த்தால் இரவு பகலாகும். பெருமானின் தெப்பத் திருவிழாவுக்கு ஏந்தும் ஆயிரம் தீவட்டிகளும் அந்தக் கிணற்றையே நம்பியிருந்தன.

அறுபது ஆண்டுகள் இறைத்ததில் கிணறு தளர்ந்தது. மாடு கட்டி இழுக்கும் கமலையில் பத்துச் சால் இறைத்தால் ஒன்பதில் தண்ணீர்தான் வந்தது.

"அரசே, கிணறு கிழடாகிவிட்டது. மூடிவிடுவோம். கிழக்குச் சரிவில் புதிதாகப் பத்துக் கிணறுகள் தோண்டுவோம்" என்றார் பேரமைச்சர் அகோரமூர்த்தி. அந்தச் சரிவு தம் மைத்துனருக்குச் சொந்தம் என்பதை மட்டும் சொல்ல மறந்தார்.

அரசரின் ஆலோசகர்களில் ஒருவரான ஏடகநாதர் எழுந்தார். "மூட வேண்டாம் அரசே. எண்ணெய் தீரவில்லை. நாம் இறைக்கும் முறைதான் தவறு."

மன்னர் விசயபூபதிக்குப் பொறுமை போயிற்று. "அப்படியானால் நீரே இறைத்துக் காட்டும்! தெப்பத்துக்கு நாற்பது நாள் இருக்கிறது. முந்நூறு குடம் எண்ணெய் வேண்டும். புது ஆள் கூடாது, புது மாடு கூடாது, ஒரு காசும் கிடையாது. ஒரு குடம் குறைந்தாலும் கிணற்றை மூடுவேன். புதுக் கிணற்றுக் கமலையில் மாட்டுக்குப் பதிலாக உம்மைப் பூட்டுவேன்!"

ஏடகநாதர் மெலிந்த தேகத்தினர். பூட்டினால் நுகத்தடியே நழுவிவிடும். ஆயினும் அவர் வணங்கிவிட்டு நேரே கிணற்றுக்குப் போனார்.

அங்கே எண்ணெய் அளப்பவள் பொன்னுருவி.

"எத்தனை சோடி மாடு, அம்மா?"

"நாலு சோடிங்க ஐயா. ராவும் பகலும் நிக்காம இறைக்கணும்னு அமைச்சர் உத்தரவு. மாடுங்க எங்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுது."

"எண்ணெய் ஏன் வரவில்லை?"

"ஊற விட்டாத்தானே வரும்? வேகமா இழுக்க இழுக்கத் தண்ணிதான் முந்திக்கிட்டு வருது."

"இதை அமைச்சரிடம் சொல்லவில்லையா?"

"சொல்லத்தான் போனேன். அவரு பேச ஆரம்பிச்சாரு. முடிக்கிறதுக்குள்ள என் சின்ன மகளுக்குக் கல்யாணமே ஆயிடுச்சு."

ஏடகநாதர் மூன்று சோடி மாடுகளை மேய்ச்சலுக்கு அனுப்பினார். ஒழுகும் சாலுக்குப் பழந்தோலில் ஒட்டுப் போடச் செய்தார். விடியலில் இரண்டு நாழிகை மட்டும் இறைத்தால் போதும் என்றார். வந்த தண்ணீரை, ஐம்பது அடி தள்ளி வறண்டு கிடந்த இன்னொரு கிணற்றில் ஊற்றச் சொன்னார்.

செய்தி அரண்மனைக்கு எட்டியது. "அரசே, எண்ணெய் எடுக்கச் சொன்னால் அந்த மனிதர் தண்ணீர் ஊற்றுகிறார்! மாடுகள் கொழுக்கின்றன! ஆட்கள் குறட்டை விடுகிறார்கள்!" என்று அகோரமூர்த்தி அலறினார்.

அமைச்சரையும் அழைத்துக்கொண்டு மன்னர் பல்லக்கேறி வந்து பார்த்தார். குறட்டை உண்மைதான்.

"ஏடகநாதரே! இவர்கள் ஏன் தூங்குகிறார்கள்?"

"புது ஆள் கூடாது என்றீர்கள் அரசே. பழைய ஆள் தூங்கக் கூடாது என்று சொல்லவில்லையே!"

மன்னர் மீசைக்குள் வந்த சிரிப்பை மறைத்துக்கொண்டார். "அது போகட்டும். அங்கே ஏன் தண்ணீர் ஊற்றுகிறீர்?"

"எண்ணெய் பாறை இடுக்குகளில் படுத்துக் கிடக்கிறது, விருந்துண்ட அமைச்சர்களைப்போல. பின்னாலிருந்து தள்ளினால்தான் எழுந்து வரும். அங்கே ஊற்றும் தண்ணீர் அதைத் தள்ளுகிறது. இங்கே அது மிதந்து சேரும்வரை நாங்கள் காத்திருக்கிறோம். காத்திருக்கச் செலவில்லை, அரசே."

"வீண் பேச்சு!" என்று பாய்ந்தார் அகோரமூர்த்தி. "தேவரும் அசுரரும் பாற்கடலை ஓயாமல் கடைந்தார்கள். அதனால்தானே அமுதம் வந்தது? உழைப்பின் பெருமையைப் பற்றி நான் விரிவாகச் சொல்லுவேனாகில்..."

"சொல்லுங்கள். அமுதத்துக்கு முன்னால் என்ன வந்தது, அமைச்சரே?"

கேட்ட ஏடகநாதரே விடையும் சொன்னார்.

"வாசுகி வலி தாளாமல் நஞ்சைக் கக்கியது. அன்று அதை உண்ணப் பெருமான் இருந்தார். இங்கே கக்கினால் யார் உண்பது? தாங்களா, நானா?"

அமைச்சருக்கு முகம் சிவந்தது. மேய்ந்துகொண்டிருந்த மாடுகளை எல்லாம் பூட்டச் செய்து, தாமே சாட்டையை வாங்கி விரட்டினார். முதல் இரண்டு சாலில் எண்ணெய் வந்தது. அமைச்சர் மார்பை நிமிர்த்தினார். மூன்றாவதில் தண்ணீர். நான்காவதிலும் தண்ணீர். ஐந்தாவது சாலில் அடிச்சேறு வந்து அவர்மேல் கவிழ்ந்தது. பெருமான் உண்ட நஞ்சு கண்டத்தோடு நின்றது. அமைச்சர் பெற்றதோ உச்சி முதல் பட்டு அங்கவஸ்திரத்தின் நுனிவரை பரவிற்று.

"ரெண்டு நாள் ஊறல் போச்சு!" என்று தலையில் கைவைத்தாள் பொன்னுருவி.

"கிணற்றை விட்டு அவர் தள்ளியே நிற்கட்டும்" என்று ஆணையிட்டு மன்னர் திரும்பினார்.

தெப்பத்தன்று கோயில் வாசலில் குடங்களை அளந்தார்கள். முந்நூற்றுப் பதினொன்று! ஆயிரம் தீவட்டியும் எரிய, பெருமான் தெப்பத்தில் உலா வந்தார். மன்னர் கண்ணில் நீர் வழியக் கைகுவித்தார். கிணற்றை மூடும் ஆணையைக் கிழித்தெறிந்து, பொன்னுருவிக்குக் கிணற்றின் அதிகாரத்தையும் ஏடகநாதருக்கு முத்துமாலையையும் வழங்கினார்.

பிறகு அமைச்சர் பக்கம் திரும்பினார். "இவரை என்ன செய்யலாம், ஏடகநாதரே? இருபது ஆண்டுகளாக ஆலோசனை சொல்கிறார். பத்து வார்த்தையில் ஒன்பது தண்ணீர். பதவியை மூடிவிடட்டுமா?"

அகோரமூர்த்தி வாய் திறந்தார். முதன்முறையாக அதிலிருந்து ஒன்றும் வரவில்லை.

"அவசரப்பட்டு மூடக் கூடாது அரசே" என்றார் ஏடகநாதர் பணிவோடு. "நாம்தான் அவரை ராப்பகலாக இறைத்துக் கெடுத்துவிட்டோம். பேசாமல் ஊறட்டும். அமாவாசைக்கு அமாவாசை அரை நாழிகை மட்டும் இறைத்துப் பாருங்கள். ஏதாவது மிதந்தாலும் மிதக்கும்."